யாழ்ப்பாணத்தில் மொனிற்றர் வாங்குபவருக்கு: எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம்

"எல்ஈடி மொனிற்றர்" என்று பெட்டியில் பெரிதாக அடித்திருப்பதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இன்றைக்கு ஸ்டான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் எந்தக் கடைக்குள் ஏறினாலும், புதுச் சாமானாக அடுக்கி வைத்திருப்பதில் ஏறக்குறைய எல்லாமே எல்ஈடி தான். ஆகவே அந்தச் சொல் நல்லதையும் கூடாததையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுகிற விஷயங்கள் வேறு: எந்த வகைப் பனல் (படம் காட்டுகிற தட்டு), எத்தனை அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் (படத்தை ஆக்குகிற சின்னப் புள்ளி), வெளிச்சத்தைக் குறைத்தால் மினுக்குகிறதா, பழுதானால் யார் பொறுப்பு. இதில் பாதியைக் கடைக்காரரிடம் கேட்டு அறியலாம், மிச்சத்தை அங்கேயே நின்று உங்கள் கண்ணால் பார்த்துவிடலாம். பிள்ளையின் படிப்புக்கென்று கஷ்டப்பட்டுச் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆக்கள் கனபேர் இருக்கிறார்கள், அந்தக் காசுக்கு ஏற்ற திரை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். விலை மட்டும் எழுதவில்லை. டொலரோடு சேர்ந்து அது மாதத்துக்கு மாதம் மாறும், இன்று எழுதினால் நாளைக்கு உதவாது.

எல்ஈடி என்பது பின்னால் இருக்கிற விளக்கு

படத்தைக் காட்டுவது எல்சிடி என்கிற திரவப் படிகத் தட்டு. அது தானாக ஒளி தராது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியை விடுவதும் மறிப்பதும்தான் அதன் வேலை, அந்த ஒளி பின்னால் இருந்து வர வேண்டும். முன்னர் அந்த இடத்தில் பாதரசம் அடைத்த மெல்லிய குழாய் விளக்குகள் இருந்தன, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவற்றின் இடத்தை எல்ஈடி பிடித்துக்கொண்டது. நாங்கள் பார்க்கிற வெள்ளை எல்ஈடி பெரும்பாலும் நீல எல்ஈடிக்கு மேல் மஞ்சள் பொஸ்பர் என்கிற ஒளிரும் பொருள் பூசியதுதான். அந்த நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கியதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. குழாய் விளக்கு போனதால் மொனிற்றர் மெலிந்தது, கரண்ட் குறைந்தது, போட்ட உடனேயே முழு வெளிச்சம் வந்தது.

இதில் வாங்குபவருக்குப் பயன்படுவது இரண்டு விஷயம். சாதாரண விலை மொனிற்றர்களில் எல்ஈடி பட்டி ஒரு ஓரத்தில்தான் ஒட்டப்பட்டிருக்கும், அங்கிருந்து ஒரு பிளாஸ்ரிக் தட்டு ஒளியைத் திரை முழுக்கப் பரப்பும். அதனால்தான் கறுப்புப் படம் போட்டால் சில திரைகளில் மூலைகள் வெளிறித் தெரிகின்றன. மற்றது பாவித்த மொனிற்றர் வாங்குபவர்களுக்கு: போட்ட உடனே மங்கலாக இருந்து சில நிமிடம் கழித்துத்தான் வெளிச்சம் ஏறுகிறது, வெள்ளை நிறம் மஞ்சள் அடித்துக் கிடக்கிறது என்றால் அது பழைய குழாய் விளக்குத் திரையாக இருக்கக்கூடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

ஓஎல்ஈடி என்று ஒன்று இருக்கிறது, பெயர் கிட்டக் கிட்ட இருந்தாலும் அது வேறு. அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், பின்விளக்கே கிடையாது. விலை அதிகம், ஒரே படம் நெடுநேரம் நின்றால் தடம் பதியும் ஆபத்தும் உண்டு. நாள் முழுக்க எக்செல் திறந்து வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அளவையும் பிக்சலையும் சேர்த்தே கேளுங்கள்

பெரும்பாலான காசு வீணாவது இங்கேதான். "27 அங்குலம், ஃபுல் எச்டி, இந்த விலைக்கு" என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஃபுல் எச்டி என்றால் 1920×1080 பிக்சல். திரை 22 அங்குலமோ 24 அங்குலமோ 27 அங்குலமோ, பிக்சல் எண்ணிக்கை அதேதான், திரை பெருக்கப் பெருக்க ஒவ்வொரு பிக்சலும் பெருக்கும். ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று கணக்குப் பார்த்தால் 21.5 அங்குலத்தில் 102, 24 அங்குலத்தில் 92, 27 அங்குலத்தில் 82தான். அந்த 82ஐ ஒரு முழம், ஒன்றரை முழம் தள்ளி இருந்து பார்க்கும்போது எழுத்தின் விளிம்பு கரடுமுரடாகத் தெரியத் தொடங்கும்.

ஆங்கில எழுத்துக்கு இதைச் சமாளிக்கலாம். தமிழ் எழுத்துக்கு அவ்வளவு சமாளிக்க ஏலாது. எங்கள் எழுத்துகளில் சுழி கூட, மேலே புள்ளி வேறு. பிக்சல் குறைந்த திரையில் சின்ன அளவில் ண்ண என்பதும் ன்ன என்பதும் ஒரே மாதிரித் தெரியும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஞ ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். பாடக் குறிப்பு பிடிஎஃப் வாசிக்கிற மாணவர், கந்தோரில் கடிதம் அடிக்கிறவர், பத்திரிகையில் பிழை திருத்துகிறவர், இவர்களுக்கெல்லாம் இதுதான் முதலாவது சோதனை. கடைக்குப் போகும்போது உங்கள் லப்டொப்பையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் கொண்டுபோங்கள். வேர்டில் நிர்மலா யூஐ எழுத்துருவில், 10 அல்லது 11 அளவில், "கண்ணன் மன்னன் ஞாயிறு அஃது ஔவை" என்று ஒரு வரியும் நீங்கள் வழமையாக வாசிக்கிற பிடிஎஃப் ஒரு பக்கமும் திறந்து வையுங்கள். கதிரையில் இருக்கிற தூரத்தில் நின்று, கண்ணைச் சுருக்காமல் ண்ணவும் ன்னவும் வேறுவேறாகத் தெரிகிறதா என்று பாருங்கள். லப்டொப் கொண்டுவந்து பார்க்கவே கூடாது என்று சொல்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போவது நல்லது.

என் கருத்து இதுதான். படிப்பு, கந்தோர் வேலை, யூரியூப், சூம் வகுப்பு என்பவற்றுக்கு 22 அல்லது 24 அங்குலத்தில் ஃபுல் எச்டி போதும், இரண்டில் எழுத்துக் கூர்மை 22இல் கொஞ்சம் கூட, பக்கத்தில் இரண்டு ஆவணம் திறந்து வைக்க வசதி 24இல் கூட. 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560×1440 உள்ளதாகப் பாருங்கள், அதைக் கடைகளில் கியூஎச்டி அல்லது 2கே என்பார்கள், அங்குலத்துக்கு 109 பிக்சல் வரும், தமிழ் வடிவாக இருக்கும். அதற்குக் காசு போதாது என்றால் 27ஐ விட்டு 24க்கு இறங்குவது தான் சரி. 32 அங்குலத்தில் 2560×1440 என்பது 24 அங்குல ஃபுல் எச்டியின் அதே நெருக்கம்தான். 27 அங்குலத்தில் 4கே, அதாவது 3840×2160, வாங்கினால் எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும், ஆனால் விண்டோஸில் 150 வீதம் பெருப்பித்துத்தான் பாவிக்க வேண்டி வரும், அதைச் சரியாகக் கையாளாத பழைய மென்பொருள்கள் சில இன்னும் இருக்கின்றன. நீங்கள் பாவிக்கிற கணக்கு மென்பொருள் எப்படி என்று முதலில் பாருங்கள்.

வீட்டில் இருக்கிற ரீவியையே கணினிக்குப் போடலாமா என்றும் கேட்பார்கள். படம் பார்க்கப் போடலாம். ஆனால் மலிவான 32 அங்குல ரீவிகள் பல 1366×768 மட்டுமே, அங்குலத்துக்கு 50 பிக்சல் கூட வராது. அதில் பிள்ளையை நாள்தோறும் தமிழ் வாசிக்க விடுவது கண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

பனல் வகை

மூன்று பெயர் கேள்விப்படுவீர்கள்: ரிஎன், ஐபிஎஸ், விஏ. ரிஎன் பழையது, மலிவானது, கீழே இருந்து பார்த்தால் நிறம் கறுத்து, நெகட்டிவ் மாதிரி மாறும். ஐபிஎஸ் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. விஏ கறுப்பை நல்ல கறுப்பாகக் காட்டும், ஆனால் சாய்ந்து பார்த்தால் வெளிறும், இருட்டான காட்சிகள் வேகமாக ஓடும்போது பின்னால் கறுப்பு இழுபடும்.

பெட்டியில் பனல் வகை எழுதாமல் விட்டிருந்தால் பார்வைக் கோணத்தைப் பாருங்கள். 178/178 என்றால் ஐபிஎஸ் அல்லது விஏ, 170/160 என்றால் அது ரிஎன் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு கொன்ட்ராஸ்ட், அதாவது திரையின் வெள்ளை கறுப்பை விட எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு: 1000:1 அளவில் இருந்தால் ஐபிஎஸ், 3000:1 அளவில் இருந்தால் விஏ. அதே பெட்டியில் பத்து இலட்சத்துக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று என்றும் ஒரு எண் கிடக்கும், அது டைனமிக் கொன்ட்ராஸ்ட், முழுக் கறுப்புப் படம் வரும்போது பின்விளக்கையே அணைத்துவிட்டு எடுத்த கணக்கு. அதைப் பார்க்கவே வேண்டாம்.

வீட்டுக்கு நான் ஐபிஎஸ் தான் சொல்வேன். ஒரே திரையைச் சுற்றி இரண்டு பிள்ளைகள் இருந்து படிப்பார்கள், அப்பா பின்னால் நின்று பார்ப்பார், விஏயும் ரிஎன்னும் நேர் முன்னால் இருப்பவருக்குத்தான் முழு மரியாதை கொடுக்கும். இரவில் லைற்றை அணைத்துவிட்டுப் படம் மட்டுமே பார்க்கிறவர் என்றால் விஏ எடுக்கலாம்.

உங்கள் அறையின் வெளிச்சம்

இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகள் பெரும்பாலும் மூடிய, குளிரூட்டிய அறைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் வீடுகளில் யன்னல் பகல் முழுக்கத் திறந்திருக்கும், முற்றத்து வெயில் உள்ளே அடிக்கும், ஓட்டு வீடென்றால் கண்ணாடி ஓட்டால் வருகிற வெளிச்சம் நேரே மேசையில் விழும். அப்படியான இடத்தில் பளபளப்பான திரை கூடாது, உங்கள் முகமும் யன்னலும்தான் அதில் தெரியும். மற் என்று சொல்கிற மங்கல் பூச்சுத் திரையாக எடுங்கள். வெளிச்சம் 250 நிற்ஸுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) குறையாமல் இருக்கட்டும். விறாந்தையிலோ பெரிய யன்னலுக்குப் பக்கத்திலோ மேசை என்றால் 300, 350 என்பதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

எதை வாங்கினாலும், யன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, திரைக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் வருகிறமாதிரி மேசையைத் திருப்புங்கள். பின்னேர வெயில் மேற்கு யன்னலால் நேரே வந்து விழுகிற அறையில் ஒரு திரைச்சீலை செய்கிற உதவியை 100 நிற்ஸ் கூடின மொனிற்றர் செய்யாது.

இரவில் இதற்கு எதிர்மாறு. கடையில் மொனிற்றர்களை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்தும் அப்படியே விடுபவர்கள்தான் கூட. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறவுங்கள். திரை தாளை விட விளக்கு எரிவதுபோல் தெரிந்தால் குறையுங்கள், தாளை விட மங்கினால் கூட்டுங்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு அளவை நினைவில் வைத்திருந்தால் போதும்.

மினுக்கம்

வெளிச்சத்தைக் குறைக்கும்போது சில மொனிற்றர்கள் எல்ஈடிக்குப் போகிற மின்னோட்டத்தைக் குறைக்காமல், எல்ஈடியைச் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போடும். கண் அதை மினுக்கமாகக் காணாது, ஆனால் சிலருக்கு அதனால் தலையிடி வரும், கண் களைக்கும். இதைக் கடையிலேயே பார்க்கலாம். மொனிற்றரின் வெளிச்சத்தை 20 வீதம் அளவுக்குக் குறையுங்கள், வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள், திரைக்கு முன்னால் ஒரு பேனையை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். பேனை ஒரே தொடர்ச்சியான மங்கல் தடமாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனைகள் வரிசையாக நிற்கிறமாதிரித் தெரிந்தால் அந்தத் திரை மினுக்குகிறது. போன் கமராவில் புரோ முறை இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/1000க்கு மேல் ஏற்றிப் பாருங்கள், கறுப்புப் பட்டிகள் குறுக்கே தெரிந்தாலும் அதே அர்த்தம்தான். பெட்டியில் "ஃபிளிக்கர் ஃப்ரீ" என்று இருந்தாலும் ஒருக்கால் பேனையை ஆட்டிப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

நீல ஒளி பற்றிப் பயமுறுத்தி விற்பதும் நடக்கிறது. கணினித் திரையின் நீல ஒளி கண்ணைப் பழுதாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அமெரிக்கக் கண் மருத்துவ அகடமியின் நிலைப்பாடு, அதற்கென்று விசேஷக் கண்ணாடியும் அவர்கள் பரிந்துரைப்பதில்லை. திரையைப் பார்க்கும்போது நாங்கள் கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது, களைப்புக்குப் பெரும் காரணம் அதுதான். 20 நிமிடத்துக்கு ஒருக்கால் 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 செக்கன் பாருங்கள், யன்னலால் முற்றத்து மாமரத்தைப் பார்த்தாலே சரி.

ஹேர்ட்ஸ், மில்லி செக்கன்

செக்கனுக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது ஹேர்ட்ஸ். 60 போதும் என்று இருந்த காலம் போய் இப்போது சாதாரண மொனிற்றர்களே 75, 100 என்று வருகின்றன, 100 என்றால் பக்கம் உருட்டும்போது எழுத்து சீராக ஓடுவது தெரியும், விலை வித்தியாசம் சின்னது என்றால் எடுங்கள். கேம் விளையாடுகிற தம்பிமாருக்கு 144, 165, 180. ஆனால் உங்கள் கிராபிக்ஸ் கார்ட் அந்தக் கேமில் 60 படம்தான் தள்ளுகிறது என்றால் 180 ஹேர்ட்ஸ் திரை அதிகம் உதவாது, முதலில் கார்ட்டுக்குச் செலவழியுங்கள்.

1 மில்லி செக்கன் என்று எழுதியிருந்தால் அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜிரிஜி என்றால் ஒரு சாம்பல் நிறத்தில் இருந்து இன்னொன்றுக்கு பிக்சல் மாறுகிற நேரம், எம்பிஆர்ரி என்றால் பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு அசைவைக் கூர்மையாகக் காட்டுகிற வேறு அளவு. இரண்டையும் ஒப்பிட ஏலாது. வேலைக்கும் படிப்புக்கும் 5 மில்லி செக்கன் தாராளம்.

கேபிள், போர்ட், தாங்கி

கந்தோர்களிலும் பழைய கணினிகளிலும் விஜிஏ மட்டும் இருக்கும். 1987இல் வந்த அந்த இணைப்பு அனலொக், ஃபுல் எச்டி திரையில் அதனூடாக வருகிற எழுத்து கொஞ்சம் மங்கியே நிற்கும். கணினியில் எச்டிஎம்ஐயோ டிஸ்பிளே போர்ட்டோ இருந்தால் அதையே பாவியுங்கள். மொனிற்றரில் எச்டிஎம்ஐ 1.4 என்றால் ஃபுல் எச்டியில் 120 ஹேர்ட்ஸ் வரைக்கும் போகும், 4கேயில் 30 ஹேர்ட்ஸ் தான், மவுஸ் அம்புக்குறி இழுபடும். 4கே 60 ஹேர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் 1.2 வேண்டும். இது கணினிப் பக்கத்திலும் இருக்க வேண்டும், மொனிற்றரில் மட்டும் இருந்து பயன் இல்லை. யூஎஸ்பி சி ஒரே வயரில் படத்தையும் கொடுத்து லப்டொப்பையும் சார்ஜ் செய்யும், ஆனால் எத்தனை வொற் கொடுக்கும் என்று கேளுங்கள், 15 வொற் மட்டும் கொடுப்பதும் இருக்கிறது, லப்டொப்புக்கு 65 அளவில் வேண்டும்.

உயரம் கூட்டிக் குறைக்கிற தாங்கி உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும், மலிவான தாங்கிகள் எல்லாம் கழுத்தைக் குனிய வைக்கிற உயரத்தில்தான் இருக்கும். பின்பக்கம் 75×75 அல்லது 100×100 மில்லிமீற்றர் வீசா துளைகள் (தாங்கி பூட்டுவதற்கான பொது அளவுத் துளைகள்) நான்கும் இருந்தால் பிறகு மொனிற்றரைத் தாங்குகிற ஒரு கை வாங்கிப் பூட்டலாம். துளையே இல்லாத மொடலை நான் எடுக்க மாட்டேன்.

ஸ்ரூடியோ வைத்திருப்பவர்களுக்கு

கல்யாண அல்பம் வடிவமைக்கிறவர்கள், பனர் அடிக்கிறவர்கள் எங்கள் பக்கம் கனபேர். உங்களுக்கு எஸ்ஆர்ஜிபி (கணினிப் படங்களுக்கான பொது நிற எல்லை) 99 அல்லது 100 வீதம் என்று எழுதிய ஐபிஎஸ் வேண்டும். 45 வீத என்டிஎஸ்சி (இன்னொரு நிற எல்லை அளவு) என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், கூறைச் சேலையின் சிவப்பு திரையில் செங்கல் நிறமாக நிற்கும், நீங்கள் அதைக் கூட்டிக் கூட்டி அச்சுக்கு அனுப்ப, அங்கே வேறு நிறத்தில் வரும். நிற எண்ணிக்கை 16.7 மில்லியன் என்று இருக்க வேண்டும், 16.2 மில்லியன் என்று இருந்தால் அது 6 பிட் பனல், இடைப்பட்ட நிறங்களைக் கலந்து காட்டுகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகிற முறை) என்ற ஸ்ரிக்கருக்குக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். எச்டிஆர் 400 என்ற தரம் கூட 400 நிற்ஸ் உச்ச வெளிச்சம்தான், ஓரத்தில் இருந்து விளக்கு அடிக்கிற திரையில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

கரண்டும் இடியும்

24 அங்குல எல்ஈடி மொனிற்றர் ஏறக்குறைய 20 வொற் எடுக்கும். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 5 யூனிற் கூட வராது, ஆகவே மின்கட்டணத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்திய காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். குறைந்த வொற் திரை என்றால் சின்ன யூபிஎஸ்ஸிலேயே வேலையைச் சேமித்துவிட்டு நிறுத்த நேரம் கிடைக்கும், வாங்கும்போது மொனிற்றரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து யூபிஎஸ் எடுங்கள்.

பயப்பட வேண்டியது மின்னலுக்கு. பங்குனி சித்திரையிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கினால் சுவிற்ச்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள், இணைய ரௌட்டரில் இருந்து கணினிக்கு வருகிற கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வந்து, எச்டிஎம்ஐ ஊடாக மொனிற்றர் வரைக்கும் போகும். வெளியே அடப்டர் உள்ள மொடல் எங்களுக்கு வசதி, கரண்ட் ஏறி இறங்கி அடப்டர் எரிந்தால் அதே வோல்ற், அதே அல்லது கூடின அம்பியர், அதே பின் உள்ள இன்னொன்றை வாங்கிப் போடலாம். உள்ளேயே பவர் சப்ளை இருக்கிற மொனிற்றர் என்றால் முழுவதையும் திருத்தக் கொடுக்க வேண்டி வரும்.

வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர் கொண்டு வருவதும் உண்டு. கனடாவில் கரண்ட் 120 வோல்ற், இங்கே 230. பின்பக்க ஸ்ரிக்கரில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் பயமில்லாமல் போடலாம், அநேகமானவை அப்படித்தான் வரும், ஆனாலும் பார்க்காமல் குத்த வேண்டாம். பின் வேறாக இருந்தால் 13 அம்பியர் சதுரப் பின் உள்ள வயரை மாற்றிவிடுங்கள். இரண்டு பின்னை பேனை மூடியால் ஏர்த் துளையைத் திறந்து செருகுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இப்படி வந்த திரைக்கு இங்கே வொரன்ரி கிடைப்பதும் அரிது.

கொழும்பா, இங்கேயா

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் தெரிவு கூட, விலை குறைவாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசத்தோடு பஸ் கூலியையும், பழுதானால் திருப்பி அனுப்புகிற செலவையும், திரும்பி வரும்வரை திரை இல்லாமல் இருக்கிற நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் சின்னதென்றால் இங்கேயே, உள்ளூரில் ஏற்றுக்கொண்டு கொழும்புக்கு அனுப்பித் தருகிற கடையில் வாங்குவதுதான் என் விருப்பம். எங்கே வாங்கினாலும் காசு கொடுக்க முன்னர் கேளுங்கள்: எத்தனை வருடம், பனலுக்கும் சேர்த்தா, யார் இறக்குமதி செய்தவர், எத்தனை பிக்சல் செத்திருந்தால் மாற்றித் தருவீர்கள். ஃபுல் எச்டி திரையில் 20 இலட்சத்துக்கு மேல் பிக்சல் இருக்கிறது, ஒன்று இரண்டு செத்தால் வொரன்ரிக்குள் எடுக்க மாட்டோம் என்றுதான் பல கம்பனிகள் சொல்லும், ஆகவே அந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படத்தை லப்டொப்பில் வைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். எரிந்த தடம், மின்னல், உடைவு ஆகியவற்றுக்கு வொரன்ரி இல்லை என்று பில்லில் இருக்கும். தேதி, சீரியல் இலக்கம், கடை முத்திரை மூன்றும் பில்லில் இருக்கிறதா பாருங்கள், பில்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள், எழுத்து சில மாதத்தில் அழிந்துவிடும். கடை தன் வாக்கைக் காப்பாற்றாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம், அதற்கும் அந்தப் பில் வேண்டும்.

பாவித்த மொனிற்றர் என்றால் ஒரு அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் வெளியே வரும். சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டால் பழைய கந்தோரின் மெனுப் பட்டி தடமாகத் தெரிகிறதா, ஓரங்கள் மஞ்சளாகிவிட்டனவா என்று விளங்கும். சில மொடல்களில் மெனுவுக்குள் தகவல் பக்கத்தில் பின்விளக்கு எத்தனை மணித்தியாலம் ஓடியது என்றே காட்டும்.

கொண்டு வரும்போது

பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள். பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் படுக்க வைத்து மேலே அரிசி மூட்டை ஏற்றினால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பனல் வெடிக்கும். ரிஜிபோமையும் பெட்டியையும் வொரன்ரி முடியும்வரை எறிய வேண்டாம், திருப்பி அனுப்பும்போது அது இல்லாமல் கஷ்டப்படுவீர்கள். தூக்கும்போது திரையில் விரல் பட அழுத்தாமல் விளிம்பிலும் தாங்கியிலும் பிடியுங்கள்.

பூட்டிய உடனே விண்டோஸின் டிஸ்பிளே செற்றிங்ஸுக்குப் போய், பிக்சல் அளவு திரையின் முழு அளவில் நிற்கிறதா, ஹேர்ட்ஸ் கூடினதில் நிற்கிறதா என்று பாருங்கள். 144 ஹேர்ட்ஸ் வாங்கிவிட்டு 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் கன இருக்கின்றன, விண்டோஸ் சில வேளைகளில் அதைத் தானாக மாற்றாது. பிறகு தேடும் இடத்தில் கிளியர்ரைப் (ClearType, எழுத்தைக் கூர்மையாக்குகிற விண்டோஸ் வசதி) என்று ஆங்கிலத்தில் அடித்து, வருகிற படிகளில் உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவதைத் தெரிவு செய்யுங்கள், தமிழ் எழுத்துக்கு உடனேயே வித்தியாசம் தெரியும்.

எங்கள் ஊர்ப் புழுதிக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் துடைக்கத்தான் வேண்டும். திரையை அணைத்து ஆற விட்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் உலர்வாகத் துடையுங்கள். கறை போகாவிட்டால் துணியைக் கொஞ்சமாக நனைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு திரையில் வெள்ளைப் படலமாகப் படியும். கண்ணாடி துடைக்கிற திரவமும் ஸ்பிரிற்றும் மங்கல் பூச்சைப் பழுதாக்கும். நேரே திரையில் தெளித்தால் தண்ணீர் கீழ் விளிம்பால் உள்ளே இறங்கும், அங்கேதான் பல மொடல்களில் எல்ஈடி பட்டியும் பனலின் மின்சுற்றும் இருக்கின்றன.